தழையும் நொதியும்: செம்மறிக்குக் கோடைத் தீவனம்

(உத்திரமேரூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆடுகளைக் கொண்டே அறக்கட்டளை நடத்திய நாடு இது. சோழர் காலத்தில் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் பொன் கொடுக்கலாம், நிலம் கொடுக்கலாம், ஆடும் கொடுக்கலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்ற கணக்கு வருகிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் ஒன்று செத்தாலோ கிழடானாலோ குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்புவது அவர் பொறுப்பு. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள்.

அந்த ஏற்பாட்டில் கல்லில் எழுதாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. 96 ஆட்டுக்கும் மேய்ச்சல் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதைத் தனியே எழுத வேண்டிய தேவை இல்லை. இன்று நாம் கூடிப் பேச வேண்டியிருப்பது அந்த நிபந்தனையைப் பற்றித்தான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்துப் பார்த்த ஊர். தீவனத்தையும் ஊர்ப் பொது விஷயமாகப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, செடி கொடி மரத் தழைகளின் சத்தை நொதிகளால் கூட்டுவது. என்சைம் என்று மருந்துக் கடையிலும் தீவனக் கடையிலும் சொல்கிறார்களே, அதுதான் நொதி. இதைப் பற்றி நம்பிக்கையோடு பேசவும் காரணம் இருக்கிறது, எச்சரிக்கையோடு பேசவும் காரணம் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

மேய்ச்சல் எங்கே போனது?

இந்தப் பகுதியின் செம்மறி சென்னைச் சிவப்பு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள்தான் இதன் தாயகம். உடம்பு செம்பழுப்பு நிறம், சிலவற்றுக்கு நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளை. கம்பளிக்கு உதவாது, கறிக்காக வளர்க்கும் இனம். வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை 23 முதல் 25 கிலோ. வெயிலையும் மழையையும் தாங்கி, கிடைத்ததைத் தின்று, நடந்தே பிழைக்கும் ஆடு. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் 45 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கில் கிட்டத்தட்ட 48 லட்சம். அதே காலத்தில் இந்தியா முழுவதும் செம்மறி எண்ணிக்கை கூடியது, இங்கே குறைந்தது.

காரணம் உங்களுக்கே தெரியும். சம்பா, நவரை, சொர்ணவாரி என்று ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஒன்றன்பின் ஒன்றாக நடவு நடக்கும் இடத்தில் தரிசு கிடையாது. தரிசு இல்லாத இடத்தில் ஆட்டுக்குக் கால் வைக்க இடம் கிடையாது. மேய்க்கால் புறம்போக்கில் பாதி கட்டடமானது, மீதியில் வேலிக்காத்தான் ஏறிவிட்டது. மனைப் பிரிவுகளுக்குக் கல் நட்ட நிலத்தில் புல் முளைக்கிறது, அதுவும் வேலி போடும் வரைதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை வரை பச்சை இருக்கிறது. பங்குனி பிறந்தால் தரை சாம்பல் நிறமாகிறது. சித்திரை, வைகாசியில் தாய் ஆட்டுக்குப் பால் வற்றுகிறது, குட்டி எடை ஏறாமல் நிற்கிறது.

அப்போது பச்சையாக நிற்பவை புதரும் மரமும்தான். கருவேலம், வெள்வேல், வாகை, கொடுக்காப்புளி, சவுண்டல் என்று நாம் சொல்லும் சூபாபுல், வேலியோரத்துக் கிளைரிசிடியா, காட்டோரத்து இலந்தை, காரை, சங்கஞ்செடி, கிணற்றடியில் அகத்தி. சிலர் வரப்பில் வேலிமசால் வைத்திருக்கிறார்கள். வேர் ஆழத்தில் நீர் தேடுவதால் புல் காய்ந்த பிறகும் இவை தழை தருகின்றன. துறட்டி எடுத்து ஒடித்துப் போடுவது பரம்பரை வழக்கம்தான். வெள்ளாடு இதை ஆவலோடு தின்னும். செம்மறி தலை குனிந்து புல் மேயப் பிறந்தது, தழையில் அதற்குச் சிக்கல் அதிகம்.

தழைக்குள் உள்ள நான்கு தடைகள்

வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம். அகத்தி, சவுண்டல் இலைகளின் உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல். ஆட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யவே தீவனத்தில் சுமார் 7 சதவீதம் புரதம் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தால் தழை இருக்கும்போது கோடையில் பஞ்சம் என்ற பேச்சே வரக்கூடாது. ஆனாலும் வருகிறது. காகிதத்தில் உள்ள சத்து வேறு, ஆட்டின் உடம்பில் சேரும் சத்து வேறு.

இடையில் நிற்பவை நான்கு. முதலாவது நார், அதாவது செல்லுலோஸும் அதைச் சுற்றிய ஹெமிசெல்லுலோஸும். இரண்டாவது லிக்னின், மரத்தை மரமாக்கும் கடினப் பொருள். மூன்றாவது டானின், வாயில் துவர்க்கும் பொருள். நான்காவது சில செடிகளுக்கே உரிய நச்சு, சவுண்டலில் உள்ள மைமோசின் போல.

நொதி ஒரு புரதம். தன் வடிவத்துக்குப் பொருந்தும் ஒரு பொருளில் மட்டுமே அது வேலை செய்யும். பூட்டும் சாவியும் போல என்று ஜெர்மன் வேதியியலார் எமில் ஃபிஷர் 1894இல் சொன்னது இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நார் உடைக்கும் நொதி டானினைத் தொடாது, டானினை உடைக்கும் நொதி நாரைத் தொடாது. ஆகவே நொதிப் பொட்டலம் வாங்க வருகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. என் ஆடு தின்னும் தழையில் தடை எது என்பதே முதல் கேள்வி.

பெருவயிற்றுக்குள்

பாலூட்டிகளில் எந்த விலங்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதியைத் தானாகச் சுரப்பதில்லை. ஆடும் அப்படித்தான். அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்கின்றன. பெருவயிற்று நீர் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியா இருக்கும். கூடவே ஓரணு உயிரிகளும் பூஞ்சைகளும். காற்றே இல்லாத இடத்தில் பூஞ்சை வாழாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். செம்மறியின் வயிற்றிலேயே அப்படிப்பட்ட பூஞ்சை வாழ்வதை இங்கிலாந்தில் காலின் ஆர்பின் 1975இல் நிறுவினார். அவை வேர் போன்ற இழைகளை நாருக்குள் செலுத்திப் பிளக்கின்றன, பாக்டீரியா நுழைய வழி கிடைக்கிறது.

ஆக, உங்கள் பட்டியில் நிற்கும் ஒவ்வோர் ஆடும் நொதியை இலவசமாகத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. அந்த நுண்ணுயிர்களுக்குத் தேவை தழைச்சத்து, தாது உப்பு, தண்ணீர், அசைபோட நேரம். வெறும் வைக்கோலைத் தின்னும் ஆட்டின் வயிற்றில் இவை பட்டினி கிடக்கின்றன. ஒரு கைப்பிடி அகத்தித் தழை சேர்ந்தாலே வைக்கோலின் செரிமானமும் கூடுவது இதனால்தான். கடையில் வாங்கும் நொதியைப் பற்றிப் பேசும் முன் இந்த நொதியைக் கவனிக்க வேண்டும். தாது உப்புக் கலவை கொடுக்காத, வெயிலில் தண்ணீர் காட்டாத மந்தைக்கு நொதி வாங்குவது வீண் செலவு.

லிக்னின் மட்டும் இந்தப் பெரும்படைக்கும் அடங்காது. அதை உடைக்க ஆக்சிஜன் வேண்டும், பெருவயிற்றில் அது இல்லை. மரத்தில் முளைக்கும் வெண்மக்கல் பூஞ்சைகள்தான் அதில் தேர்ந்தவை. எனவே முற்றிய குச்சியையும் கிளையையும் எந்த நொதி தெளித்தும் தீவனமாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலை, இளங்குச்சி, காய், இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

நார் உடைக்கும் நொதியின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. பசிபிக் பெருங்கடலின் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் இற்றுப்போயின. காரணமான பூஞ்சைகளைத் தேடியபோது கிடைத்த ஒன்று டிரைக்கோடெர்மா இனத்தைச் சேர்ந்தது. அதை ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். 1977இல் அவர் பெயராலேயே அது டிரைக்கோடெர்மா ரீசி ஆனது. இன்று உலகில் விற்கும் செல்லுலேஸ் நொதியில் பெரும்பங்கு அந்தப் பூஞ்சையின் வழிவந்தவற்றிலிருந்து வருகிறது.

இதன் பங்காளியை நீங்கள் அறிவீர்கள். வேர்க்கடலை விதைக்கும் முன் வேரழுகலைத் தடுக்க கிலோவுக்கு 4 கிராம் வீதம் விதையோடு கலக்கிறோமே டிரைக்கோடெர்மா விரிடி, அதுவும் இந்தக் குடும்பம்தான். நோய்ப் பூஞ்சையின் சுவரைத் தன் நொதிகளால் கரைப்பதும் அது காவல் காக்கும் வழிகளில் ஒன்று.

1990கள் முதல் கனடாவின் லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் கேரன் போஷமினும் உடன் பணிபுரிந்தவர்களும் இந்த நார் நொதிகளை அசைபோடும் விலங்குகளுக்குக் கொடுத்து விரிவாகச் சோதித்தார்கள். உலகின் பல இடங்களில் அதே சோதனைகள் தொடர்ந்தன. சில சோதனைகளில் செரிமானமும் எடையும் கூடின. சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இந்தச் சீரின்மைதான் இத்துறையின் தீராத தலைவலி.

ஏன் இப்படி? டிரைக்கோடெர்மா நொதி சிறப்பாக வேலை செய்வது அமில கார அளவு 4 முதல் 5 வரை, வெப்பம் 50 டிகிரி அளவில். ஆட்டின் பெருவயிற்றிலோ அமில கார அளவு 6க்கும் 7க்கும் இடையில், வெப்பம் 39 டிகிரி. போதாக்குறைக்கு, அங்கே ஏற்கெனவே இருக்கும் நொதிகளின் அளவு நாம் சேர்ப்பதைவிடப் பல மடங்கு. அரைக் கரண்டிப் பொடி அங்கே என்ன சாதிக்கும்?

கோழிப் பண்ணையோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கும் ஃபைட்டேஸ் நொதி 1991இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. இன்று நாமக்கல் முட்டைக்கோழித் தீவனத்தில் அது வழக்கமான சரக்கு. கோழியின் குடலில் அந்த நொதி போதிய அளவு இல்லை, வெளியிலிருந்து கொடுத்ததும் பலன் தெரிந்தது. தீவன ஆலை இருந்தது, அளந்து கலக்க வழி இருந்தது. செம்மறிக்கு இவை இரண்டும் இல்லை. அதன் வயிற்றில் நொதி நிறைய இருக்கிறது, அதன் தீவனம் புறம்போக்கில் நிற்கிறது.

தோல் தொட்டியும் தழையும்

டானினைப் பற்றிச் சென்னையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆவாரம் பட்டையும் கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டுக் கப்பலேற்றிய பகுதி இது. அந்தப் பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தோடு ஒட்டி அதை அழுகாமல் காக்கிறது. தழையில் உள்ள டானினும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆட்டின் வாயில் தழை மெல்லப்படும்போது இலையின் புரதத்தைக் கட்டிவிடுகிறது. நுண்ணுயிரால் அதை அவிழ்க்க முடியாமல் போகிறது. 20 சதவீதம் புரதம் உள்ள இலையைத் தின்றும் ஆடு மெலிவது இதனால்.

டானினை உடைக்கும் டானேஸ் என்ற நொதியை 1867இல் பிரான்சில் வான் தீகெம் கண்டறிந்தார். நூறாண்டுக்கு மேலான பழைய சரக்கு. ஆனால் அது உடைப்பது நீரால் பகுபடும் வகை டானினை மட்டும்தான், கடுக்காயில் உள்ளது போன்றதை. சவுண்டலிலும் பெரும்பாலான வேல மரங்களிலும் மிகுந்திருப்பது செறிவு டானின், அதை டானேஸ் உடைப்பதில்லை. பகுபடும் டானின் உடைந்தாலும் வெளிவரும் பொருள்கள் அளவு மீறினால் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

டானின் முழுக்கப் பகையும் அல்ல. உலர் எடையில் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் புரதத்தைப் பெருவயிற்றில் வீணாகாமல் காத்து அடுத்த வயிற்றுக்கு அனுப்புகிறது, வயிறு உப்புசத்தைத் தடுக்கிறது, ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவையும் ஓரளவு கட்டுப்படுத்துகிறது. 5 சதவீதத்தைத் தாண்டினால்தான் தொல்லை. ஒரே தழையை வயிறு நிறையப் போடாமல் நாலைந்து தழைகளைக் கலந்து போடும் பெரியவர்கள் இந்த அளவை அளவுகோல் இல்லாமலேயே காத்துவந்தார்கள். துவர்ப்பு மிகுந்த வேலத் தழைக்கு இதுவே முதல் வைத்தியம்.

இயற்கையும் தன் வழியில் விடை தேடியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வேல மரத் தழையைத் தின்று வாழ்ந்த காட்டு வெள்ளாடுகளின் வயிற்றிலிருந்து டானினைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவை 1994இல் பிரித்தெடுத்தார்கள். தழை தின்று பழகிய ஆட்டுக்கும் பழகாத ஆட்டுக்கும் வேறுபாடு உண்டு என்று ஆட்டுக்காரர்கள் சொல்வதற்கு இது ஆய்வகச் சாட்சி.

சவுண்டலுக்குள்ளேயே இருக்கும் நொதி

சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அதிகம் தின்றால் மயிர் உதிரும், தீனி குறையும், கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கும். ஹவாய்த் தீவுகளில் வெள்ளாடுகள் இதே தழையைத் தின்றும் நலமாக இருந்ததை ஆஸ்திரேலிய அறிவியலார் ரேமண்ட் ஜோன்ஸ் கவனித்தார். அவற்றின் வயிற்றில் நச்சை முறிக்கும் பாக்டீரியா இருக்க வேண்டும் என்று கருதினார். 1980களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து பெருவயிற்று நுண்ணுயிரை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளில் சேர்த்தபோது நச்சு விளைவு நீங்கியது. அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் சினெர்ஜிஸ்டெஸ் ஜோன்ஸி என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு மந்தைக்குள் புகுத்தினால் ஆட்டிலிருந்து ஆட்டுக்குப் பரவும். நொதியைப் பொட்டலத்தில் தராமல் அதைச் சுரக்கும் உயிரைத் தந்த வெற்றி அது.

நமக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. மைமோசினை உடைக்கும் நொதி சவுண்டல் இலைக்குள்ளேயே இருக்கிறது. இலை முழுதாக இருக்கும் வரை நச்சும் நொதியும் தனித்தனி அறைகளில் கிடக்கின்றன. இலையை நறுக்கியோ கசக்கியோ வாடவிட்டால் இரண்டும் கலந்து மைமோசின் உடையத் தொடங்கும். உடைந்த பின் மிஞ்சும் பொருளும் தைராய்டைத் தாக்கக்கூடியது. ஆகவே சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி அப்படியே நிற்கும்.

கணக்கைச் சொல்கிறேன். 25 கிலோ பெட்டை ஆடு நாளொன்றுக்கு உடல் எடையில் 3.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 900 கிராம் உலர் தீவனம் தின்னும். அதில் மூன்றில் ஒரு பங்கு 300 கிராம். பச்சைத் தழையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஓர் ஆட்டுக்கு ஒரு கிலோ தழை, காலையில் வெட்டி நறுக்கி, நிழலில் வாடவிட்டு, மாலையில் போடுவது.

நொதிக்குப் பொருத்தமான இடம்

வாங்கும் நொதிக்கு உத்திரமேரூரில் இடமே இல்லையா? இருக்கிறது. அந்த இடம் ஆட்டின் வாயும் அல்ல, வயிறும் அல்ல. தழையைக் காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் சைலேஜ் குழி, அல்லது சைலேஜ் டிரம்.

காரணம் முன்பே சொன்ன எண்களில் இருக்கிறது. நார் நொதிக்குப் பிடித்த அமில கார அளவு 4 முதல் 5. நன்றாகப் பதமான சைலேஜின் அளவும் ஏறத்தாழ அதுவே. வயிற்றில் தழை தங்குவது ஒன்றிரண்டு நாள், டிரம்மில் தங்குவது வாரக்கணக்கில். வெப்பம் குறைவாக இருந்தாலும் காலம் ஈடுகட்டும். இன்னொரு லாபமும் உண்டு. சவுண்டல், கிளைரிசிடியா, வேலிமசால் போன்ற பயறுவகைத் தழைகளில் சர்க்கரை குறைவு. அதனால் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகாமல் சைலேஜ் கெட்டுப்போகும். நொதி நாரை உடைக்கும்போது வெளிவரும் சர்க்கரை அந்த பாக்டீரியாவுக்கு உணவாகிறது.

எகிப்தின் உவர் பாலைநிலத்தில் வளரும் ஏட்ரிப்லெக்ஸ் என்ற புதரை நொதிக் கலவைகளோடு சைலேஜ் ஆக்கிச் செம்மறிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2015இல் வெளியானது. நம்முடைய நிலைமைக்கு நெருக்கமான ஆய்வு அது. மழை குறைந்த நாடு, கசக்கும் புதர், சிறு விவசாயி. அவர்களும் நொதியை வயிற்றுக்கு அனுப்பும் முன் தழையிலேயே வேலை செய்ய விட்டார்கள்.

இங்கே காலமும் ஒத்துவருகிறது. கார்த்திகையிலிருந்து தை வரை தழை மிஞ்சுகிறது, சித்திரையில் பற்றாக்குறை வருகிறது. மிஞ்சுகிறபோது வெட்டி, அரை அங்குலம் ஓர் அங்குலமாக நறுக்கி, அரைநாள் வாடவிட்டு, நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ வெல்லப்பாகு கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மிதித்து அடைத்து மூட வேண்டும். நீல நிற பிளாஸ்டிக் டிரம் போதும், குழி வெட்ட வேண்டியதில்லை. நொதி சேர்ப்பதானால் வெல்லப்பாகு நீரிலேயே கலந்து தெளிக்கலாம். கொதிநீரில் கரைக்கக்கூடாது. நொதி புரதம் என்பதால் சூட்டில் செத்துவிடும். தகரக் கொட்டகையில் மே மாத வெயிலில் கிடந்த பொட்டலத்தையும் வாங்கக்கூடாது. ஆறு வாரம் கழித்துத் திறந்தால் புளிப்பு வாசனை வர வேண்டும். அழுகல் நாற்றம் வந்தாலும் பூசணம் படர்ந்தாலும் ஆட்டுக்குப் போடாதீர்கள்.

வைக்கோலை யூரியாவால் பதப்படுத்தும் முறையும் நொதி வழிதான். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்த நீரைத் தெளித்து மூன்று வாரம் மூடிவைத்தால், யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்ற, வைக்கோலின் புரத அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நொதிகளில் முதன்முதலில் படிகமாக்கப்பட்டது இந்த யூரியேஸ்தான். 1926இல் ஜேம்ஸ் சம்னர் அவரை இனத்து விதை ஒன்றிலிருந்து அதைப் பிரித்தார், 1946இல் நோபல் பரிசு பெற்றார். வைக்கோலிலேயே அந்த நொதி உள்ள நுண்ணுயிர்கள் இருப்பதால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். அளவு தவறினால் யூரியா உயிரைக் குடிக்கும், இளங்குட்டிகளுக்குக் கூடவே கூடாது.

வேலிக்காத்தான் காய்

1877இல் கடப்பைப் பகுதியில் விதைத்த வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேலம், இன்று நம் ஏரி உள்வாயெல்லாம் நிற்கிறது. அதை அகற்ற நீதிமன்றமும் அரசும் சொல்லிவருகின்றன, அகற்றும் வேலை நடக்கட்டும். அதுவரை கோடையில் உதிரும் காய் வீணாக வேண்டாம். காயில் புரதம் 12 சதவீத அளவில், சர்க்கரை 20 சதவீதத்துக்கு மேல். இலையை ஆடு தொடாது, காயை விரும்பித் தின்னும். இதற்கு நொதி எதுவும் தேவையில்லை, அரவை இயந்திரம் போதும். முழுக் காயாகத் தின்றால் விதை புழுக்கையோடு வெளியேறிப் புது இடத்தில் முளைக்கும். நன்கு காயவைத்து விதையோடு அரைத்தால் சத்தும் கிடைக்கும், மரமும் பரவாது. காயை மட்டுமே நாள்கணக்கில் தின்ற மாடுகளும் வெள்ளாடுகளும் பிரேசிலில் தாடை நரம்பு பாதித்துச் செத்திருக்கின்றன. எனவே அடர்தீவனத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை

என் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேயப் போகும் ஆட்டுக்கு நொதிப்பொடி தேவையில்லை. தழையைக் கலந்து போடுங்கள், வாடவிட்டுப் போடுங்கள், தாது உப்பும் தண்ணீரும் கொடுங்கள். சேமிக்கும் தழைக்கு நொதி உதவக்கூடும். அதை நம்பும் முன் நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதனை கடினமல்ல. ஒரே வயதும் ஒத்த எடையும் உள்ள குட்டிகளை இரண்டாகப் பிரியுங்கள். இரண்டுக்கும் ஒரே மேய்ச்சல், ஒரே அளவு சைலேஜ். ஒரு பிரிவின் சைலேஜில் நொதி, மற்றதில் இல்லை. முதல் இரண்டு வாரம் பழகவிட்டு, பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் வெறும் வயிற்றில் எடை போடுங்கள். மூன்று மாதம் போதும். கூடிய எடைக்குச் சந்தையில் கிடைக்கும் பணம், நொதியின் விலையையும் கூலியையும் தாண்டினால் வாங்குங்கள். தாண்டாவிட்டால் விற்க வந்தவரை வணங்கி அனுப்பிவிடுங்கள்.

காட்டுப்பாக்கத்தில் கால்நடை அறிவியல் முதுகலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. சென்னைச் சிவப்பு இனத்துக்கான மேம்பாட்டுப் பணி அங்கிருந்துதான் நடக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிந்து அது செங்கல்பட்டுப் பக்கம் போனாலும் ஆட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது. தழை மாதிரிகளை எடுத்துக்கொண்டு போங்கள், டானினும் புரதமும் எவ்வளவு என்று கேளுங்கள். மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வெளிநாட்டுப் புதரில் செய்த ஆய்வை மறுபடி செய்யாதீர்கள். இந்த ஏரிக்கரைக் காரையிலும் சங்கஞ்செடியிலும் வெள்வேலிலும் என்ன இருக்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

ஊராட்சித் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மேய்க்கால் புறம்போக்கில் மிஞ்சியதை அளந்து கல் நடுங்கள், வேலியோரம் வேலிமசாலும் சவுண்டலும் வையுங்கள். அறக்கட்டளை நிறுவிய குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியில் இந்த ஊருக்குப் பொதுவாக ஒரு தழை நறுக்கும் இயந்திரமும் ஓர் எடைத் தராசும் வாங்கிக் கொடுங்கள். அடுத்து பேச வருகிறவர் அந்தத் தராசு காட்டிய எண்களைப் பற்றிப் பேசட்டும்.